கரடிக்குப் பின்னால் நின்றவன்

ஐந்தரை மணிக்குச் செலின் மடிக்கணினியைத் திறந்தாள். இங்கே, பொன்மலையில், ஞாயிறு மாலை ஐந்தரை என்றால் கனடாவில் தம்பி பிரிட்டோவுக்குக் காலை எட்டு. அவன் முகம் கழுவிவிட்டு, பெரிய கோப்பை நிறையக் காப்பியோடு கணினி முன் உட்காருகிற நேரம். ஆறு வருடம் அக்காளும் தம்பியும் சேர்ந்து விளையாடிய நேரம். பதினோரு மாதமாக அவள் மட்டும் உட்காருகிற நேரம். திரையில் பனி பெய்ய ஆரம்பித்தது. பனிக்கு நடுவே தோளில் கோடரியோடு அவளுடைய ஆள் நின்றாள். மலைச்சி என்று பெயர். மூச்சு விடும்போதெல்லாம் மலைச்சியின் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. திரையின் வலது ஓரத்தில் நண்பர்கள் பட்டியல். பட்டியல் என்பது பேச்சுக்குத்தான், அதில் இருந்தது ஒரே ஒரு பெயர். குச்சி. அது பிரிட்டோவின் மந்திரவாதி. பெயருக்குப் பக்கத்தில் மிளகு அளவுக்கு ஒரு வட்டம். அவன் வந்திருந்தால் பச்சை, வராவிட்டால் சாம்பல். சாம்பலாகத்தான் இருந்தது. பார்க்காமல் பார்ப்பதற்குச் செலின் பழகியிருந்தாள். கோவிலில் தலையைத் திருப்பாமலே பின் பெஞ்சில் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்று தெரிந்துகொள்வோமே, அந்த மாதிரி. மலைச்சியின் மூக்கு பெரிய மூக்கு. அதைச் செய்தவன் பிரிட்டோ. கனடா போன முதல் குளிர்காலத்தில், போனில் பேசினால் இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துபோகிறது என்று இரண்டு பேருக்குமே தெரிந்துவிட்டது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், குளிரா, குளிர்தான், சரி வைக்கட்டுமா. அப்போதுதான் அவன் இந்த விளையாட்டை அவள் கணினியில் ஏற்றச் சொன்னான். அங்கிருந்தபடியே அவள் ஆளுக்கு முகம் செய்து, மூக்கை இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, "இதுக்கு மேல இதுல வசதி இல்லக்கா, உன் மூக்குக்கு இன்னும் கொஞ்சம் வேணும்" என்றான். நாற்பது வயதில் அவள் விளையாட்டுப் பழகியது அப்படித்தான். விளையாட்டில் கை வேலை செய்துகொண்டிருக்கும், வாய் சும்மா இருக்கும், அப்போது பேச்சு தானாக வரும். மூன்று மணி நேரம் பேசியிருக்கிறார்கள். அவன் அறைத் தோழனின் குறட்டையிலிருந்து அம்மாவின் மூட்டுவலி வரைக்கும்.

கரடியாக மாறுவதற்கு ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் மலைச்சியின் தோள் உப்பும், துணி கிழிகிற சத்தம் கேட்கும், கோடரி இருந்த இடத்தில் நகம் இருக்கும். மனுஷியாக இருக்கையில் அரை விரல் நீளமிருக்கும் சிவப்புக் கோடு, கரடியானதும் திரையின் பாதி வரைக்கும் நீண்டுவிடும். அதுதான் உயிர். அந்தக் கோடு தீர்ந்தால் ஆள் தீர்ந்தது. இந்த மாதிரி அடி வாங்குகிற ஆளுக்கு டேங்க் என்று பெயர் என்று பிரிட்டோ சொன்னபோது அவளுக்கு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிதான் ஞாபகம் வந்தது. "அதேதான்க்கா, வெயில்ல மழையில நீதான் நிக்கணும்" என்றான். கரடிக்கு ஒரு உறுமல் உண்டு. உறுமினால் சுற்றியிருக்கிற பகைவர் எல்லாரும் மற்றதை விட்டுவிட்டு அவளை அடிக்க வருவார்கள். பின்னால் குச்சி நிற்பான். அவன் கையில் நெருப்பு உண்டு, உடம்பில் ஒன்றும் கிடையாது, இரண்டு அடி பட்டால் விழுந்துவிடுவான். விழுந்தால் எழுந்து வருகிற வகையும் இந்த விளையாட்டில் இருந்தது. விழுந்தால் அதோடு சரி, ஆளே அழிந்துபோகிற வகையும் இருந்தது. பிரிட்டோ இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தான். "அப்பதான் பயம் இருக்கும்." இருந்தது. அவன் பயப்பட்டானோ இல்லையோ, அவள் பயந்தாள். பின்னாடி நில்லு, பின்னாடி நில்லு, நான் சொன்ன பிறகு வா. ஆறு வருடத்தில் இதை அவள் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். குச்சி சாகவே இல்லை. ஒரு விஷயம் மட்டும் அவளுக்குப் பிடிக்காது. கரடியாக இருக்கும்போது யாரிடமும் பேச முடியாது. வழியில் ஒரு கிழவன் வழி சொல்லக் காத்திருப்பான், கரடி போய் நின்றால் வாயைத் திறக்க மாட்டான். கதவையும் திறக்க முடியாது. கீழே கிடக்கிற மருந்தை எடுக்க முடியாது. அடி வாங்க மட்டும் முடியும். இன்றைக்கும் அவள் பொத்தானை அழுத்தினாள், கரடியானாள், பனியில் சும்மா நடந்தாள். தனியாக இருக்கும்போது பெரிய சண்டைக்குப் போவதில்லை. இரண்டு ஓநாய், ஒரு பன்றி, போதும். யாரையும் காப்பாற்ற வேண்டாத கரடிக்குச் சண்டையில் என்ன வேலை.

"கரடி எந்திரிச்சாச்சா?" என்று கேட்டபடி லூர்து டீயோடு வந்தார். ரயில்வே பட்டறையில் இருபத்தி நான்கு வருடம் பிட்டர் வேலை. கணவருடைய கை எதை வைத்தாலும் சத்தமில்லாமல் வைக்கும். "எந்திரிச்சு என்ன, ஊர் சுத்துது" என்றாள். "டீ ஆறிப்போவும், அது வேற உங்க கரடிக்கு ஆவாது" என்று தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். அவரும் அந்த வட்டத்தைப் பார்த்ததை அவள் பார்த்தாள். இரண்டு பேரும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டார்கள். அவர் சமையலறைக்குப் போய்க் குக்கருக்குத் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அவர் ஒரு தரம் மட்டும், அவள் சொன்னாள் என்பதற்காக, பொய் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தார். அதற்கு என்ன விலை என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், பிரிட்டோவுக்குத் தெரியாது. இல்லை, பாதி தெரியும். பாதி தெரிந்ததற்கே பதினோரு மாதம். மீதியும் தெரிந்தால்? ஓநாய் ஒன்று கரடியின் காலைக் கடித்தது. செலின் அதைத் தட்டிவிட்டாள்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. ஒரு நாளைக்கு எண்பது குழாய், தொண்ணூறு குழாய், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு வயது. சூசையம்மாள், அறுபத்தெட்டு என்று எழுதின குழாயில் பெயரை எழுதியதும் அவள்தான், ஊசியைக் குத்தியதும் அவள்தான். அம்மா ஊசிக்குப் பயப்பட மாட்டாள், மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டுவாள். சிறுநீரகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின், முதல் மாதம் மூன்று, பிறகு நாலரை, ஆகஸ்டில் ஏழு புள்ளி ஒன்பது. எண்ணைப் பார்த்துவிட்டுச் செலின் இயந்திரத்தை இன்னொரு தரம் ஓட்டினாள். ஏழு புள்ளி ஒன்பதுதான். அந்த ரிப்போர்ட்டை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். பிரிட்டோவிடம் என்ன சொன்னாள்? "கொஞ்சம் உப்பு கூடியிருக்காம்டா, குறைக்கச் சொல்லியிருக்காங்க." அவனுடைய நிரந்தரக் குடியிருப்புக் காகிதங்கள் அப்போது நடுவழியில் இருந்தன. இந்த நேரத்தில் வெளியே வந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்று அவனே முன்பு ஒருநாள் சொல்லியிருந்தான். இன்னும் இரண்டு வாரம், மூன்று வாரம். அதுவரைக்கும் அம்மா இருந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டாள். எண்ணைப் படிக்கத் தெரிந்தவள் போட்ட கணக்கு அது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரி. "சும்மா செக்கப்தான்." சனிக்கிழமை சாமியார் வந்து, சாவுக்கு முன் பூசுகிற அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார். அம்மாவின் நெற்றியில் எண்ணெய் பளபளவென்று இருந்தது, துடைக்கக் கூடாது என்று விட்டுவிட்டார்கள். "அம்மா தூங்குறாங்கடா." தூங்கினாள்தான், அதில் பொய் இல்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமையைத்தான் அவளால் தாண்ட முடியவில்லை. எங்கே தொடங்கினாலும் நினைப்பு அங்கே போய் முட்டி நிற்கிறது, கதவு திறக்க முடியாத கரடி மாதிரி.

அன்றைக்கு ஐந்து மணிக்கு அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாள். எதற்கு? விளையாட. ஞாயிறு ஐந்தரைக்கு அவள் வராவிட்டால் பிரிட்டோ சந்தேகப்படுவான், ஆறு வருடத்தில் அவள் வராத ஞாயிறு கிடையாது. அதனால் லூர்துவை அம்மா பக்கத்தில் உட்கார வைத்தாள். "தம்பிக்கு மட்டும் போன் போட்டுறாதீங்க, என்ன ஆனாலும் முதல்ல எனக்குச் சொல்லுங்க" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஆட்டோ பிடித்து வந்தாள். போனின் சத்தத்தை அணைத்து மெத்தைக்கு அடியில் வைத்தாள். போன் அடித்தால் அவனுக்குக் கேட்குமே. ஹெட்போனை மாட்டினாள், கரடியானாள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பனிக்கோட்டை என்று ஒரு இடம், அங்கேதான் போனார்கள். நடுவில் ஒரு ஆடு, சண்டைக்குச் சம்பந்தமே இல்லாத சாதாரண வெள்ளாடு, எதனாலோ குச்சியைத் துரத்த ஆரம்பித்தது. மந்திரவாதி நெருப்பு மழையெல்லாம் பெய்யத் தெரிந்தவன், ஆட்டுக்குப் பயந்து ஒரு பீப்பாய் மேல் ஏறி நின்றுகொண்டு "அக்கா, காப்பாத்து, அக்கா, முட்டுது" என்று கத்தினான். சிரித்தார்கள். அவனுக்குக் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. ஏழேகாலுக்கு ஹெட்போனைக் கழற்றி மெத்தையைத் தூக்கிப் பார்த்தபோது போனில் லூர்துவின் பெயர் ஏழு தடவை இருந்தது. ஏழு. முதலாவது ஐந்து ஐம்பதுக்கு, கடைசி ஆறு இருபதுக்கு. ஆறு இருபதுக்குப் பிறகு அவர் ஏன் கூப்பிடவில்லை என்றால், ஆறு இருபதுக்குப் பிறகு அம்மா பேசவில்லை. செவ்வாய் விடிகாலையில் இறந்தாள், ஆனால் பேச்சு நின்றது ஞாயிறு ஆறு இருபதுக்கு.

பிரிட்டோவுக்குத் தெரிந்தது இதில் பாதிதான். முப்பதாம் நாள் பூசைக்கு அவன் வீடியோவில் வந்தபோது, அவஸ்தை எந்தக் கிழமை பூசினார்கள் மாமா என்று தற்செயலாகக் கேட்டான். சனிக்கிழமை மாப்பிள்ளை என்று லூர்து சொன்னார். "ஞாயித்துக்கிழமை என்கூட விளையாடினியேக்கா" என்றான். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வட்டம் சாம்பலானது அன்றைக்கு. போன் எடுக்க மாட்டான், லூர்து போட்டால் மட்டும் நல்லா இருக்கேன் மாமா என்பான். அவள் செய்த தப்புக்கு அது சரியான அளவுதான் என்று சில நாள் தோன்றும். சில நாள், நான் யாருக்காகச் செய்தேன் என்று கோபம் வரும். கோபம் வந்தால் உடனே அந்த ஆடு வந்துவிடும். ஆடுதான் அவளை விடவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொன்னேன் சாமி என்று சொன்னாள், அவர் மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார், சொன்னாள். ஆட்டைப் பற்றிச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? தம்பிக்காக நடித்தேன் என்றால் அது ஒரு தியாகம் மாதிரிக்கூட இருக்கும். ஆனால் அவள் சிரித்தது நடிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு பத்து நிமிடம், அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்பது அவளுக்கு உண்மையாகவே மறந்துபோய்விட்டது. அந்தப் பத்து நிமிடம் எந்தப் பத்து நிமிடம்? ஐந்து ஐம்பதா, ஆறு இருபதா? போனில் நேரம் இருக்கிறது, ஆட்டுக்கு நேரம் இல்லை. இதைத்தான் அவள் பதினோரு மாதமாகக் கண்டுபிடிக்கப் பார்க்கிறாள். ஆடு துரத்தும்போது திரையில் வெயில் இருந்ததா, பனி விழுந்ததா என்று யோசித்து யோசித்து

வட்டம் பச்சையாக இருந்தது.

எப்போது மாறியது என்று தெரியவில்லை. கரடி நின்றுவிட்டது. ஒரு பன்றி அதை முட்டிக்கொண்டே இருந்தது, சிவப்புக் கோடு நூல் நூலாகக் குறைந்தது, அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தப்பாகப் பட்டிருக்கும். வேறு எதையோ திறக்கப் போய் இதைத் திறந்திருப்பான், இப்போது மூடிவிடுவான். மூடவில்லை. திரையின் நடுவில் ஒரு கட்டம் வந்தது. குச்சி உங்களை அழைக்கிறார். கீழே இரண்டு பொத்தான்: சரி, வேண்டாம். சரி என்பதை அழுத்த அவளுக்கு இரண்டு முயற்சி ஆனது, முதல் தடவை விரல் பக்கத்தில் விழுந்தது. துவைத்த துணியை எடுக்க லூர்து அந்தப் பக்கம் வந்தார். திரையைப் பார்த்தார். சமையலறைக்குப் போய், விசில் வருவதற்குள் குக்கர் அடுப்பை அணைத்துவிட்டு, வாசல் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு வெளியே போய் நின்றார். திரை இருண்டு, வெளிச்சமானபோது, மலைச்சி நின்ற இடம் பனிக்கோட்டை. இடத்தைத் தேர்ந்தெடுப்பது கூப்பிட்டவன் வேலை. பதினோரு மாதமாக அவள் கால் வைக்காத இடம். அவன் தெரிந்து வந்தானா, முன்பு நிறுத்திய இடம் இதுதான் என்பதால் இதுவே திறந்துகொண்டதா? எதிரே எலும்பும் தோலுமாக, நீல அங்கியோடு, குச்சி. அதே கோணல் தொப்பி. அவன் கோட்டை வாசலை நோக்கி நடந்தான். அவள் ஓடிப்போய் முன்னால் நின்றாள். பழக்கம். முதல் கதவுக்குப் பின்னால் எட்டுப் பேர். உறுமினாள். எட்டுப் பேரும் அவள் மேல் விழுந்தார்கள், பின்னாலிருந்து நெருப்பு வந்தது, சரியாக அவள் காதை ஒட்டி, அவன் எப்போதும் போடுகிற மாதிரி. கைகளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. இரண்டு பேரும் பேசாமலே மூன்று அறை தாண்டினார்கள். பேசாமல் இப்படியே போய்விடலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. வாரா வாரம் வரட்டும், ஒரு சொல் வேண்டாம், பின்னால் நின்றால் போதும்.

"இடது பக்கம்" என்றது காதுக்குள் ஒரு குரல்.

பதினோரு மாதத்துக்குப் பிறகு அவன் அவளிடம் சொன்ன முதல் சொல். குரல் கொஞ்சம் கனத்திருந்தது. சளி பிடித்திருக்கிறதோ, காப்பி குடிக்கவில்லையோ.

"அக்கா, இடது பக்கம்னேன்."

"பாத்துட்டேன்."

"பாத்துட்டா நிக்கிற?"

"திரும்புறேன்டா. உன்னைய மாதிரி ஒட்டடைக்குச்சியா நான்? கரடி. உடம்பு திரும்ப நேரமாவுது."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அது சிரிப்பின் பாதியா, வெறும் மூச்சா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. "மருந்து வச்சிருக்கியா?" என்றான். "நாலு இருக்கு." "ரெண்டு போடுறேன், எடுத்துக்க." குச்சி குனிந்து இரண்டு குப்பிகளைப் பனியில் வைத்தான். எடுப்பதற்காக அவள் மனுஷியானாள், எடுத்தாள், மறுபடி கரடியானாள். கடைசிக் கதவு. உள்ளே இருப்பவன் கல்லால் ஆன ராட்சசன், அவன் கை தரையில் விழுந்தால் பக்கத்திலிருப்பவர் எல்லாருக்கும் அடி. கதவு திறந்ததும் குச்சி அவளைத் தாண்டி முன்னால் போனான். ஆறு வருடத்தில் அவன் முன்னால் போனதே இல்லை. கல் கை மேலே போனது. "பின்னாடி நில்லுடா" என்று கத்தினாள்.

"அத மட்டும் சொல்லாத."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் குச்சி பின்னால் வந்தான், கை தரையில் விழுந்தது, அதற்குள் கரடி அங்கே இருந்தது. சிவப்புக் கோட்டில் பாதி ஒரே அடியில் போயிற்று. அத மட்டும் சொல்லாத. வேறு எதைச் சொல்வது? அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே. அவனுக்கு ஐந்து வயதில் வெறிநாய் தெருவில் ஓடியபோதும் அதைத்தான் சொன்னாள். அப்பா இறந்த அன்றும் அவன் முகத்தைத் தன் பாவாடையில் புதைத்துக்கொண்டு அதைத்தான் சொன்னாள். பார்க்காதே, பின்னாடி நில்லு. அவன் பார்க்காமலே வளர்ந்தான். அவனுக்கு முப்பத்தாறு வயதாகிறது, அம்மாவை அவன் கடைசியாகப் பார்த்தது லூர்து பிடித்திருந்த போனில், அதுவும் மூடின பெட்டி. முகம் வீங்கியிருக்கிறது, அவன் பார்க்க வேண்டாம் என்று மூடச் சொன்னது யார்? ராட்சசன் விழுந்தபோது அவளுக்குத் தெரியவில்லை. கை மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. "செத்துட்டான்க்கா, விடு" என்றான் பிரிட்டோ. "முகாமுக்கு வா."

கோட்டைக்கு வெளியே முகாம் இருந்தது. நாலு கூடாரம், நடுவில் தீ. அங்கே சண்டை கிடையாது, கரடிக்கும் இடம் கிடையாது. வேலியைத் தாண்டியதும் உருவம் தானாகக் கலைந்துவிடும். மலைச்சி பெரிய மூக்கோடு தீ பக்கத்தில் நின்றாள். குச்சி எதிரே நின்றான். அவன் அறையில் எங்கோ ஹீட்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. கனடாவில் இப்போது கோடைக்காலம் ஆயிற்றே, ஹீட்டராக இருக்காது, மின்விசிறியாக இருக்கும்.

"கார்டு வந்துருச்சு" என்றான்.

"எப்படா?"

"வெள்ளிக்கிழமை. ரெண்டு மூணு வாரம்னவங்க ஒரு வருஷம் இழுத்துட்டாங்க. தபால்ல வந்துச்சு. கரண்டு பில்லு மாதிரி ஒரு கவர்ல போட்டு அனுப்பிருக்கான். நான் பிரிக்காமயே ரெண்டு நாள் வச்சிருந்தேன். இனிமே எப்ப வேணா வரலாம், போகலாம்."

"வாடா" என்றாள். "ஆண்டுத் திருப்பலிக்கு வா. டிக்கெட்டு..."

"யாரைப் பாக்கக்கா?"

குத்திக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் மாதிரி கேட்டான். என்னைப் பார்க்கலாமே என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. இந்தக் கார்டுதான். இதற்காகத்தான். எதற்காக அவள் ஏழு புள்ளி ஒன்பதை நான்காக மடித்து மறைத்தாளோ, அது சாதாரணக் கவரில் தபாலில் அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"ஒண்ணு கேக்கணும்" என்றான். "அதுக்குத்தான் இன்னைக்கு வந்தேன். வேற யாரு சொன்னாலும் நம்ப மாட்டேன். நீ சொன்னாலும் நம்புவேனான்னு தெரியல. ஆனா நீதான் சொல்லணும். குறுக்க வந்து நிக்காம சொல்லணும்."

"கேளு."

"அம்மா என்னையக் கேட்டாங்களா?"

பதில் தயாராக இருந்தது. பதினோரு மாதமாகத் தயாராக இருந்தது. கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். குளிக்கும்போதும் குழாய்களுக்குப் பெயர் எழுதும்போதும் அவள் அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். நினைவே இல்லடா தம்பி. அமைதியாப் போயிட்டாங்க. யாரையும் கேக்கல. மூன்று சின்ன வாக்கியம். சொன்னால் அவன் அழுவான், கொஞ்சம் அழுவான், பிறகு தூங்குவான். அடுத்த ஞாயிறும் வருவான், ஒருவேளை டிசம்பரில் ஊருக்கும் வருவான். உண்மையைச் சொன்னால் வருவானா? தம்பியை இழப்பதா, இன்னொரு தரம் ஏமாற்றுவதா? அவன் தாங்க மாட்டான் என்று எப்போதும்போல் மனசு சொன்னது. எப்போதும்போல். அவன் தாங்க மாட்டான் என்று யார் பார்த்தது? தாங்குவதற்கு அவனிடம் என்றைக்காவது எதையாவது கொடுத்திருக்கிறாளா? வாயைத் திறந்தாள். நினைவே என்ற சொல்லின் முதல் எழுத்து நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாயை மூடினாள். மறுபடி திறந்தாள்.

"கேட்டாங்க."

மின்விசிறி ஓடியது.

"எப்ப?"

"ஞாயித்துக்கிழமை. சாயங்காலம், ஆறு மணிக்கு முன்ன."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீ..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான்.

"இங்க இருந்தேன். உன்கூட. மாமாதான் அவங்க பக்கத்துல இருந்தாரு. உனக்குப் போடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தேன், அதனால எனக்கு அடிச்சாரு. ஏழு தடவ. நான் சத்தத்த அணைச்சு மெத்தைக்கு அடியில வச்சிருந்தேன், உனக்குக் கேட்டுறக் கூடாதுன்னு."

"என்ன கேட்டாங்க?"

"தம்பி வந்துட்டானான்னு. வருவான் அத்தைன்னாராம் மாமா. கொஞ்ச நேரம் கழிச்சு, அவன் குரலையாவது கேக்கணும்னாங்களாம். மூணாவது தடவ உன் பேரு மட்டும். அதுக்கப்புறம் பேசல."

தீ பக்கத்தில் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள், பனி இரண்டு பேர் தோளிலும் விழுந்துகொண்டிருந்தது.

"ஆடு துரத்துச்சே" என்றான் பிரிட்டோ. "அன்னைக்கா?"

"அன்னைக்குத்தான்."

"சிரிச்சேன்லக்கா."

"நானும் சிரிச்சேன்டா." இதோடு நிறுத்தலாம். நிறுத்தவில்லை. "உனக்காக நடிக்கல. நெசமாத்தான் சிரிச்சேன். அந்த நேரம் அம்மாவ மறந்துட்டேன். அவங்க உன்னையக் கேட்ட நேரமும் அதுவும் ஒண்ணான்னு எனக்குத் தெரியல. இன்னைய வரைக்கும் தெரியல."

நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. காலடி. தூரத்தில் ஒரு குழாய் திறந்தது. தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது, யாரும் அதில் கை நனைக்காத மாதிரி ஒரே சீராக ஓடியது. போய்விட்டான் என்று நினைத்தாள். இனி வர மாட்டான். பச்சை வட்டம் இருந்தது, அது கணினி திறந்திருப்பதால், அவன் இருப்பதால் இல்லை. குழாய் நின்றது. காலடி திரும்பி வந்தது. நாற்காலி முனகியது. பிறகு அது வந்தது, முதலில் மூக்கை உறிஞ்சுவது போல, பிறகு தொண்டையில் ஏதோ சிக்கியது போல, பிறகு சத்தமாக.

"தம்பி" என்றாள். "டேய், அழு..."

"அக்கா." இடையில் மூச்சு வாங்கினான். "லைன்ல இரு. ஒண்ணும் சொல்லாத. சும்மா இரு."

அழாதே என்று சொல்ல வந்த வாயைச் செலின் கையால் பொத்திக்கொண்டாள். காதில் அவன் அழுதுகொண்டிருந்தான். முப்பத்தாறு வருடத்தில், அவன் அழுவதை நடுவில் நிறுத்தாமல், கடைசி வரைக்கும், முதல்முறையாகக் கேட்டாள்.